சீமெந்து வைத்த கருங்கல் தேவாலயம் உள்ளே ஊறுகிறது: சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்புவது எப்படி?

டிக்கோயா_சபை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துத் தேவாலயம் துரைமார் காலத்துக் கட்டடம். நீளம் 60 அடி, அகலம் 28 அடி, சுவர் 14 அடி உயரம், 2 அடி தடிப்பு. கருங்கல் சுவர், தகரக் கூரை. எட்டு வருசத்துக்கு முன் வெளிப்பக்கக் கல் இடுக்குகளைச் சுரண்டி 1:3 சீமெந்து அடைத்தார்கள். உள்ளே 4 அடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சு. சுற்றிவர 3 அடி அகலத்தில் கொங்கிறீட்டும் போட்டார்கள்.

இப்போது உள்பக்கப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கொட்டுகிறது. வெள்ளைப் பூப் பூக்கிறது. சுவரோரத்து வாங்குகளின் கால் உளுத்துவிட்டது. வெளியே நீர்புகாத் திரவம் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? சுண்ணாம்புக்கு மாற வேண்டுமானால் எவ்வளவு சாமான் தேவை, எந்த மாதம் தொடங்கலாம்? கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடியும் வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கிறது. மணிக்கூண்டில் ஓர் அரசங்கன்று வேறு.

கல்லுளி

திரவம் அடிக்க வேண்டாம், ஐயா. இதை முதலில் நிறுத்துங்கள்.

மலைநாட்டுக் கருங்கல் தண்ணீரைக் குடிக்காது, விடவும் மாட்டாது. சுவருக்குள் போன ஈரம் வெளியேற இருக்கும் ஒரே வழி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து. 1878இல் உங்கள் டிக்கோயாவிலேயே வார்லி தேவாலயம் எழுந்த காலத்தில் இங்கே சாந்து என்றால் சுண்ணாம்புதான். அது மழையில் கொஞ்சம் ஈரமாகும், வெயில் வந்தால் காயும். சுவர் அசைந்தால் கூடவே அசையும். 1:3 சீமெந்து அப்படி இல்லை. இறுகும்போதே சுருங்கி, கல்லின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும். தென்மேற்குக் காற்றோடு அடிக்கும் மழையை அந்த வெடிப்பு உறிஞ்சிக்கொள்ளும். காய்வதற்கு வழி கிடையாது. ஆகவே ஈரம் உள்பக்கமாகத் திரும்பி, உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து பெயின்டைத் தள்ளுகிறது. திரவம் அடித்தால் வெளிவாசலில் இன்னொரு பூட்டுப் போட்டதாகத்தான் முடியும். வெடிப்பு வழியாக மழை உள்ளே போவதும் நிற்காது.

ஆனால் சாந்தைத் தொடுவதற்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். உங்கள் கூரை, தாழ்வாரத்தோடு சேர்த்து, 190 சதுர மீற்றர் வரும். மணிக்கு 150 மில்லிமீற்றர் வீதத்தில் மழை கொட்டினால் ஒரு பக்கப் பீலிக்கு நொடிக்கு 4 லீற்றர் வந்து விழும். பக்கத்துக்கு ஒரே ஒரு 3 அங்குலக் குழாய் இருந்தால் பீலி நிரம்பிச் சுவரில்தான் வழியும். 6 அங்குலப் பீலி, பக்கத்துக்கு இரண்டு 4 அங்குலக் குழாய், இதற்குக் குறையக் கூடாது. மழை பெய்யும்போதே குடையோடு போய்ச் சுற்றிப் பாருங்கள். வேறு எந்தப் பரிசோதனையும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது அந்தக் கொங்கிறீட். மண்ணின் ஈரம் மேலே ஆவியாக முடியாமல் பக்கவாட்டில் சுவருக்குத்தான் போகும். உடைத்து எடுங்கள். வெளி நிலமட்டம் உள் தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். தேயிலை மலைச் சரிவில் மேல்பக்கத்து மண் வருசா வருசம் வழிந்து வந்து சுவரோடு சேரும். அதனால் மேல்பக்கச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஓர் அடி அகலத்தில் காண் வெட்டி, வடிகட்டித் துணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாயை வைத்துச் சுற்றிலும் சல்லி நிரப்புங்கள். வாட்டம் 80க்கு 1, அதாவது 60 அடிக்கு 9 அங்குலம். வெட்டுவதற்கு முன் ஓரிடத்தில் சிறு குழி தோண்டி அத்திவாரத்தின் அடி எங்கே என்று பாருங்கள். அதற்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ஒரே தடவையில் 10 அடிக்கு மேல் திறந்தும் வைக்காதீர்கள். பழைய கல்லறைகள் அருகில் இருந்தால் காணை வளைத்துக் கொண்டுபோங்கள்.

காளவாய்

கல்லுளி சொன்ன வரிசை சரி. நான் சுண்ணாம்பை மட்டும் சொல்கிறேன், மலைநாட்டில் அதிகம் பிழைப்பது இதில்தான்.

மாத்தளை, திகன பக்கத்துக் காளவாய்களில் சுடுவது டொலமைட் கல். அதில் மக்னீசியம் கலந்திருக்கிறது. கல்சியம் பகுதி தண்ணீர் பட்டதும் கொதித்து நீறிவிடும். மக்னீசியம் பகுதி மெதுவாகத்தான் நீறும். ஒரு வாரம் ஊறவைத்துப் பூசினால், நீறாமல் கிடந்த மணிகள் சுவரில் ஏறிய பிறகு நீறிப் பருக்கும். பூச்சு அங்கங்கே காசு அளவில் தெறித்து விழுவது அதனால். ஆகவே டொலமைட் சுண்ணாம்பென்றால் ஆறு மாதம் ஊறட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் சுட்டது கிடைத்தால் மூன்று மாதம் போதும்.

நீற்றும் முறை: இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. கல்லின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடித்து முகத்தில் தெறிக்கும். கொதி ஏறும் என்பதால் பிளாஸ்ரிக் பீப்பாய் சரிவராது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கலவை ஆறியதும் 3 மில்லிமீற்றர் அரிதட்டில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். ஊறி முடிந்தால் கரண்டியில் வெண்ணெய் போல நிற்கும், இதுதான் சுண்ணாம்புக் களி.

கலவை: சுண்ணாம்புக் களி 1, செங்கல் தூள் அரை, மணல் இரண்டரை. செங்கல் தூள் எதற்கென்றால், வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமிலவாயுவை எடுத்துத்தான் இறுகும், மூடுபனிப் பிரதேசத்தில் ஈரச் சுவரில் அது மிக மெதுவாக நடக்கும். குறைந்த சூட்டில் வெந்த செங்கலை இடித்த மாவு சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலேயே இறுகத் தொடங்கும். சூளையில் கறுத்துப்போன, அதிகம் வெந்த கல் உதவாது. மணல் ஆற்று மணலாக, கழுவியதாக, பருமணியும் சிறுமணியும் கலந்ததாக இருக்க வேண்டும். கடல் மணலின் உப்பு சுவரைத் தின்றுவிடும்.

அளவு: ஜன்னல், கதவு கழித்து உங்கள் வெளிச்சுவர் ஏறத்தாழ 195 சதுர மீற்றர். இடுக்கு ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல ஆழம் என்று வைத்தால், சேதாரத்தோடு 1.8 கன மீற்றர் சாந்து போகும். அதற்குக் களி 600 லீற்றர், அதாவது மூன்று பீப்பாய். செங்கல் தூள் 300 லீற்றர், மணல் அரைக் கியூபுக்குச் சற்று மேல் (ஒரு கியூப் 100 கன அடி). சுட்ட கல் 300 கிலோ கணக்கு வரும். நீறாத கட்டி கழியுமென்பதால் 350 எடுங்கள்.

டிக்கோயா_சபை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தோட்டத்து ஸ்டோரில் டொலமைட் தூள் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அதைப் பாவிக்கலாமா? எங்கள் மேசன் சொல்கிறார், இந்த மழைக்குச் சுண்ணாம்பு நிற்காது, கொஞ்சம் சீமெந்து கலந்தால்தான் பிடிக்கும் என்று.

காளவாய்

ஸ்டோரில் இருப்பது தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் பச்சைக் கல் மாவு. சுடாதது. எத்தனை மாதம் ஊறினாலும் ஒட்டாது, மணல் போட்ட மாதிரித்தான் கிடக்கும்.

பதுளை_பொறியியலாளர்

மேசன் சொல்வதில் முழுப் பிழை இல்லை. 1 சீமெந்து, 2 சுண்ணாம்பு, 9 மணல் என்று நிறைய இடங்களில் வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் பிடிக்கிறது. மழை நிச்சயமில்லாத இடத்தில் அதையும் யோசிக்கலாம்.

கல்லுளி

இதில் நான் உடன்பட மாட்டேன். சீமெந்து கொஞ்சமாகச் சேர்ந்தால் இரண்டு பக்கமும் கெடும். சுண்ணாம்பு இறுகும் முன்பே சீமெந்து இறுகிவிடும், அதன் மிகக் குறைந்த அளவு முழுச் சாந்தையும் தாங்காது, உள்ளே பொடிப்பொடியாக நிற்கும். நிறையச் சேர்த்தால் பழைய நோய்க்கே திரும்புவோம். சீக்கிரம் பிடிக்க வேண்டுமென்பதுதான் குறை என்றால் செங்கல் தூளை முக்கால் பங்காக்கி, மணலை அவ்வளவுக்குக் குறையுங்கள். இறக்குமதியாகும் நீரில் இறுகும் சுண்ணாம்பு 3.5 ரகமும் நல்லது, விலைதான் கூட. கண்டி புனித பவுல் தேவாலயம் போலச் செங்கல் வெளியே தெரியும் கட்டடத்தில் சீமெந்தைக் கலக்க நினைக்கவே கூடாது. சாந்து செங்கலைவிடக் கடினமானால் உப்பும் ஈரமும் செங்கலின் முகத்தைத்தான் உரிக்கும்.

பழைய சீமெந்தை எடுக்கும் விதம்: கிரைண்டரை நேரே இடுக்கில் விட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். இடுக்கின் நடுக்கோட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் துளைத்துச் சீமெந்தைப் பலவீனமாக்கி, தட்டை உளியும் ஒரு கிலோச் சுத்தியலும் கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு எடுங்கள். அசையாத இடத்தில் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுங்கள். இரண்டு அங்குலம் ஆழத்துக்குச் சுத்தமானதும் தூசியைத் தட்டி, முதல் நாள் மாலையும் அன்று காலையும் தண்ணீர் தெளியுங்கள். சாந்து வைக்கும்போது உள் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் பளபளக்கக் கூடாது. ஒரு தடவைக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆழமான பொந்தில் கல் சில்லுகளைச் செருகுங்கள், சாந்தும் மிச்சமாகும், சுருங்கி வெடிப்பதும் குறையும். விரல் நகம் மட்டும் பதியும் பருவத்தில் கட்டைத் தூரிகையால் குத்தி முகத்தைக் கரடாக்குங்கள். கரண்டியால் இழைத்து மினுக்கினால் மேலே களி திரண்டு தோலாக மூடும். சாந்து கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். சீமெந்து வேலையில் இழுக்கும் அந்தப் புடைத்த நாடாக்கோடு தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் தட்டு. பிறகு இரண்டு வாரம் நனைந்த சாக்கு, சுவரில் தொடாமல் தொங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் மூன்றுக்கு மூன்று அடியில் ஒரு மாதிரித் துண்டு வைத்து, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். மேசனின் கை பழகவும் அது வேண்டும்.

பதுளை_பொறியியலாளர்

செங்கல் தூள் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். காலத்தைப் பற்றி: டிக்கோயா, ஹட்டன் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்ரோபர், நவம்பரில் இடிமழை. உங்களுக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் கிடைக்கும். இந்த ஜூலையில் டொலமைட்டை நீற்றி வைத்தால் ஆறு மாதம் சரியாக வரும். கிழக்குச் சரிவான ஊவாவில், எங்கள் பதுளைப் பக்கம், எதிர்மாறு, வடகீழ்ப் பருவமழை டிசெம்பர், ஜனவரியில் அடிக்கும், வேலை ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். ஈரச் சாந்து உறைந்தால் மாவாகிவிடும், அங்கே மாலை மூன்று மணிக்கு மேல் சாந்து வைக்காமல் காய்ந்த சாக்கால் மூட வேண்டும். ஒரே பருவத்தில் நான்கு சுவரும் முடியாது. காற்று மழை அடிக்கும் தென்மேற்குச் சுவரை முதல் வருசம் எடுங்கள்.

உள்ளே இருக்கும் 4 அடிச் சீமெந்துப் பூச்சையும் கழற்றி, சுவரை வெறுமனே விடுங்கள். ஈரச் சுவர் காய, நல்ல நிலையிலேயே அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பார்கள். இரண்டு அடிச் சுவருக்கு இரண்டு வருசம் வரை பொறுக்க வேண்டும். வெள்ளைப் பூவை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள், கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் பால் பதத்தில் ஐந்து மெல்லிய வெள்ளை, நாளுக்கு ஒன்று.

ஈயக்கம்பி

ஜன்னலுக்கு: பிதுக்கம் அரை அங்குலத்துக்குள், கண்ணாடி உடையாமல், ஈயம் வெடிக்காமல் இருந்தால் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் குறுக்கே போகும் இரும்புக் கம்பியோடு கட்டிய செம்புக் கட்டு அறுந்திருக்கும், திரும்பக் கட்டினாலே நிற்கும். அந்தக் கம்பியின் முனை கல்லுக்குள் துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளக்கும். முனையை மட்டும் வெட்டி 316 ரகத் துருவா உருக்கு முனை பொருத்தலாம். சிலிக்கோன் பூசவே வேண்டாம், பிறகு யாராலும் கழற்ற முடியாது. சுண்ணக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த பழைய புட்டிதான் சரி. வெளியே பாதுகாப்புத் தகடு போடுவதானால் ஓர் அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போகத் திறப்பு விடுங்கள், இல்லையேல் இடையில் நீர் வேர்த்து ஈயம் கெடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

கல்லுளி

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேர் கல்லோடு வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட வெட்டி, துளிர் வரும்போதெல்லாம் வெட்டுங்கள். உப்புப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது சுவருக்குக் கேடு. வேர் செத்த பிறகு அந்த இடத்துக் கற்களுக்கு இலக்கமிட்டுப் படமெடுத்து, கழற்றி, வேரை எடுத்துவிட்டு அதே ஒழுங்கில் அடுக்குங்கள்.

தொடங்கும் முன் கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் வந்திருக்கிறதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். வந்திருந்தால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். திருச்சபைத் தலைமையின் அனுமதியும் தனியாக.

டிக்கோயா_சபை

இன்று மழையில் சுற்றிப் பார்த்தோம். தென்மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு 3 அங்குலக் குழாய்தான், பீலி நடுவில் தொய்ந்து சுவரில் வழிகிறது. இந்த வாரமே பீலி வேலை, அடுத்த வாரம் சுட்ட கல்லுக்கு மாத்தளை போகிறோம்.