ஏழு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கிறது?

கந்தர்மடத்து வாடகைக்காரன்:

பதினொரு வருடம் கொழும்பில் இருந்துவிட்டு வேலை மாற்றத்தில் திரும்பவும் ஊருக்கு வந்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்க எனக்கு ஒரே முறைப்பாடுதான். ஏழரைக்குக் கடை பூட்டுகிறார்கள், எட்டு மணிக்குத் தெருவில் நாய்தான் நிற்கிறது, நல்லூரடிக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தால் அன்றைய பொழுது முடிந்தது.

சென்ற வாரம் கூட வேலை செய்யும் பெடியன் ஒருவன் நாடகம் என்று இழுத்துக்கொண்டு போனான். ஐந்தரைக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் இருந்தது. ஐந்தரைக்கே போனது என் பிழை. விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரை, அதற்கு நடுவே பொன்னாடை வேறு. பக்கத்துக் கதிரையில் எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா, கையில் நான்காக மடித்த பேப்பர். இரண்டாவது வாழ்த்துரை தொடங்கும்போது என் முழங்கையைத் தட்டி, “தம்பி, நான் கொஞ்சம் கண்ணயரப் போறன், லைற் நிப்பாட்டினா எழுப்பிவிடும்” என்றார். பேப்பரை விரித்து மடியில் போட்டுக்கொண்டு உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். ஏழு மணிக்கு விளக்கு அணைந்தது, எழுப்பினேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் கண்ணிமைக்கவில்லை. நாடகம் ஐம்பது நிமிடம், நான்தான் இரண்டு முறை போனைப் பார்த்தேன்.

முடிந்ததும் ஐயாவும் நானும் தேத்தண்ணிக் கடையில் கதைத்துக்கொண்டு நின்றோம். 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரிக்குக் கொஞ்சக் காலம் பயிற்சிக்குப் போனவராம். நடிப்பு வரவில்லையாம், அதனால் பார்க்கப் பழகிக்கொண்டாராம். 1985இல் சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் பார்த்த கதையைச் சொன்னார். “முடிய ஒருத்தரும் எழும்பேல்லை தம்பி. கைதட்டுறதோ வீட்டை போறதோ எண்டு தெரியாமல் இருந்தம்.” 2025 ஜனவரியில் சண்முகலிங்கம் காலமானபோது பேப்பரில் படித்துவிட்டுக் கடந்து போனவன் நான். அவரைப் பார்த்து நடிக்கப் போய்த் தோற்ற ஒருவர், எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

சரி, இப்படி நேரில் பார்த்த கூத்து, நாடகம், கச்சேரி, அங்கே கண்ட ஆட்கள் யாராவது உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள். இந்த ஊரில் நான் எதைத் தவறவிடுகிறேன் என்று தெரியவேண்டும்.

பாசையூரான்:

தவறவிடுவது எங்களைத்தான். நீங்கள் மண்டபத்தில் தேடுகிறீர்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் தென்மோடிக் கூத்து போடுவதற்கு மண்டபம் எதற்கு, கோயில் வளவும் ஒரு மேடையும் போதும்.

பதினாறு வயதில் எனக்குக் கிடைத்த வேலை கொப்பி பார்ப்பது. திரைக்குப் பின்னால் கூத்துக் கொப்பியோடு இருந்து, பாட்டு மறந்தவனுக்கு அடி எடுத்துக் கொடுக்கவேண்டும். விடிய விடியப் போகும் கூத்தில் உச்சத்தாயியில் பாட ஒரு தொண்டை காணாது, அதனால் ஒரே ராசாவுக்கு இரண்டு மூன்று பேர் நடிப்பார்கள். எங்கள் இரண்டாம் ராசா பகலில் படகு இயந்திரம் திருத்துகிறவர், நல்ல குரல், ஞாபகம்தான் கொஞ்சம் மட்டம். இரவு இரண்டரை இருக்கும், விருத்தத்தின் மூன்றாம் அடியில் நின்றுவிட்டார். நான் கொப்பியில் பக்கத்தைத் தேடுகிறேன், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டன, விரலில் எச்சில் தொட்டுப் பிரிக்கிறேன், மத்தளக்காரர் சும்மா தட்டிக்கொண்டு நேரம் எடுத்துக் கொடுக்கிறார். அப்போது முன்னால் பாயில் இருந்த ஒரு ஆச்சி, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்த அடியை ராகத்தோடு பாடினா. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். ராசா அவவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நான்காம் அடியில் இருந்து தொடர்ந்தார்.

பிறகு விசாரித்தேன். அவவின் தகப்பன் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராம். பெண்களை மேடையில் ஏற்றாத காலம், ஒத்திகை முழுக்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே பாடமாக்கியிருக்கிறா. அன்றையில் இருந்து நான் கொப்பியை நம்புவதில்லை.

கந்தர்மடத்து வாடகைக்காரன்:

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று! இதை அந்த ஐயாவுக்குச் சொல்லவேண்டும்.

நொந்த ரிக்கற்காரன்:

என்னுடையது நல்ல அனுபவம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் பெரிய இசை நிகழ்ச்சி, இந்தியாவில் இருந்து பாடகர், நடிகைகள் எல்லாம் வந்தார்களே, அதற்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காசு கொடுத்துத்தான் ரிக்கற் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தடுப்பை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே வந்துவிட்டது. எங்கள் கதிரையில் வேறு யாரோ ஏறி நிற்கிறார்கள், பாட்டு நிற்கிறது, திரும்பத் தொடங்குகிறது, பொலிஸ் வருகிறது. யாரைக் குறை சொல்வது என்று அடுத்த ஒரு கிழமை ஊரே சண்டை பிடித்தது, அதற்குள் நான் போகவில்லை.

சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. நெருக்கம் தொடங்கிய உடனேயே அம்மா “வா, போவம்” என்றார். இவ்வளவு கொடுத்து வாங்கியது என்று நான் முரண்டு பிடித்தேன். அம்மா வாதாடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்கு நொந்தது. வெளியே வந்தபோது 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்தபோது இறந்தவர்களின் நினைவுத் தூண்கள் இருக்கும் பக்கமாகத்தான் நடந்தோம். அந்த ஜனவரி 10, மாநாட்டின் கடைசி நாள், அம்மாவுக்கு ஒன்பது வயது. வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றவர். ஐம்பது வருடமாக அவர் சொல்லாத கதை, அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கச்சேரி என்கிற அரச அலுவலகத்தடி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். சரியாகக் கேட்கவும் இல்லை, காற்று. திரும்பச் சொல்லுங்கள் என்று இன்னும் கேட்கவில்லை.

அளவெட்டிப் பேரன்:

மேலே எழுதியதற்குப் பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் மேளச் சமாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்றால் ஊரில் எனக்குச் சோறு கிடையாது. 1975இல் மறைந்த தவில் தெட்சணாமூர்த்தியின் பெயரை எங்கள் வீட்டில் சாமி பெயர் போலத்தான் சொல்வார்கள். ஆகவே திருவிழாவில் சமா என்றால் கச்சான் வாங்கிக்கொண்டு முன்னால் போய் இருந்துவிடவேண்டும், கச்சானை உடைக்கக் கூடாது. சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு சமா முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் இளம் தவில்காரர் ஒருவர் விரல் கூடுகளைக் கழற்றித் தட்டில் வைத்தார். என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவிட்டுச் செய்வது, கையில் எடுத்தால் கல்லுப் போல இருக்கிறது. ஒன்றை என் மோதிர விரலில் மாட்டிவிட்டு, “தட்டிப் பாருங்கோ அண்ணை” என்றார். தட்டினேன். என் விரல் நொந்ததே தவிர தவிலில் இருந்து வந்தது கதவைத் தட்டும் சத்தம். அவர் அதே கூட்டால் மெதுவாகத் தொட்டார், கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். உயர்தரத்தில் கணிதம் படித்தவராம். பரீட்சையில் கணக்கில் தவறியதற்கும் தவிலில் தாளக் கணக்கு பிடிப்பதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்தார்.

ஸ்காபரோ கிழவன்:

நான் இப்போது ஊரில் இல்லை, ஆகவே பழசுதான் சொல்லலாம். 1990இல் யுத்தத்தால் கரண்ட் நின்ற பிறகு எங்கள் ஒழுங்கையில் கச்சேரி என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான், மற்ற எல்லோரும் சுற்றி இருந்து பாட்டுக் கேட்பார்கள். என் முறை வந்தால் பெரியப்பா மகன் கத்துவான், “ஒரே சீராச் சுத்தடா, பாட்டு இழுபடுது!” கை களைத்தால் பாடகிக்கு ஆண் குரல் வந்துவிடும். இப்போது இங்கே ஆயிரம் பேர் மண்டபத்தில் கச்சேரி கேட்கும்போதும் எனக்குத் தோள்மூட்டு தன்பாட்டில் அசைகிறது, மனுசி பேசுகிறா.

750இல் போகிறவள்:

எல்லோரும் ஆண்களாகவே எழுதுகிறீர்கள் என்று தெரிகிறதா? மண்டபத்தில் ஏன் பாதிக் கதிரை காலி என்று கேட்பவர்கள் பஸ் நேரத்தைப் பார்க்கட்டும். நான் பருத்தித்துறை வீதிக்காரி. ஆறரைக்கு என்று சொல்லி ஏழரைக்குத் தொடங்கும் நாடகத்தை முழுதாகப் பார்த்தால் எனக்கு வீட்டுக்குப் பஸ் இல்லை. பல நாடகங்களின் முதல் பாதி மட்டும் பார்த்தவள் நான். முடிவுகளை நானே வைத்துக்கொள்வேன்.

ஒருமுறை தவக்காலத்தில் திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சி பார்க்கப் போனேன். மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய மன்றம், அம்மம்மா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் போகிறார்கள், நாங்கள் சைவம் என்பது வேறு விசயம். சிலுவையைத் தூக்கும் கட்டத்தில் நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்ப, அதே நேரம் அதே முகத்தோடு இன்னும் மூன்று பெண்கள் எழும்பினார்கள். வாசலில் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு அக்கா கேட்டா, “நாலு பேரும் சேர்ந்தா ஓட்டோ கட்டாதா?” திரும்பிப் போய் இருந்துவிட்டோம்.

அன்றில் இருந்து நாங்கள் நான்கு பேரும் ஒரு ஓட்டோ. ஓட்டோக்கார அண்ணை வெளியே காத்திருப்பார், இப்போது சில நாள் அவரும் உள்ளே வந்து பின்னால் நிற்கிறார், திரும்பும் வழியெல்லாம் அவருடைய விமர்சனம். போன தடவை கதாநாயகன் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கோப்பாய் வரும் வரைக்கும் திட்டினார். அந்த அக்காவின் முழுப்பெயர் எனக்கு இன்னும் தெரியாது, போனில் ‘நாடக அக்கா’ என்றுதான் இருக்கிறது.

கந்தர்மடத்து வாடகைக்காரன்:

பஸ்ஸைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். பாசையூரான், அடுத்த கூத்து எப்போது? என்னிடம் ஒரு பழைய வான் இருக்கிறது, நித்திரை ஐயாவை ஏற்றினாலும் ஆறு இடம் மிஞ்சும். ஓட்டோ அணி முழுதாக வரலாம், விமர்சகர் உட்பட.

பாசையூரான்:

திகதி கோயிலில் தீர்மானித்ததும் போடுகிறேன். கதிரை கிடையாது, பாய் கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்த ஆச்சி இப்பவும் முன்னால்தான் இருப்பா, அவவுக்கு முன்னால் பாயை விரிக்காதீர்கள். விடியமுன் ஒருவரும் எழும்பக் கூடாது, எழும்பினால் அண்ணாவியாரிடம் பேச்சு வாங்குவது நான்.