வின்யோ வெர்டே: முதல் மிடறு எங்கே, கூட என்ன சாப்பிட்டீர்கள்?

மழைப்பொறுக்கி:
வின்யோ வெர்டே என்கிற போர்ச்சுகல் ஒயினோடு என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஜூன் 23 இரவு, சான் ஜோவான் திருவிழா. தெருவுக்குத் தெரு கரி அடுப்பு, மத்தி மீன் சுடும் புகை. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அங்கே அதுதான் வழக்கம். சுட்ட மீனைத் தட்டில் தரவில்லை, ஒரு துண்டு ரொட்டி மேல் வைத்துத் தந்தார்கள். கல் உப்பு மட்டும்தான், மசாலா கிடையாது. மீனின் நெய் சொட்டிச் சொட்டி ரொட்டியில் ஊறிவிடுகிறது. அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்து நிற்கும்போது, சில்லென்று இந்த வெள்ளை ஒயினை ஒரு வாய் குடித்தால் எலுமிச்சை பிழிந்த மாதிரி வாய் சுத்தமாகிவிட்டது. லேசாகக் குமிழி வேறு சுரீர் என்றது. முன்பெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே நடந்த இரண்டாம் நொதிப்பில் வந்த குமிழியாம். இப்போது பெரும்பாலும் பாட்டிலில் அடைக்கும்போது வாயுவைச் சேர்த்துவிடுகிறார்கள். வெர்டே என்றால் பச்சை, ஆனால் ஒயின் பச்சையாக இருக்காது. இளசு என்கிற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கண்டம்:
அந்த ‘இளசு’ விஷயத்தை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஒயின் என்றாலே வைக்க வைக்க நல்லது என்று நினைத்து, போர்ச்சுகலிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை மூன்று வருடம் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்தேன். கல்யாண நாளன்று திறந்தால் குமிழியும் இல்லை, வாசனையும் இல்லை, வாடிய ஆப்பிள் மாதிரி ஒரு ருசி. வீட்டுக்காரி ஒரு மிடறோடு டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

மழைப்பொறுக்கி:
ஐயோ அண்ணே! சாதாரண வகையை ஒரு வருடத்துக்குள் காலி செய்துவிட வேண்டும். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மொன்சாவ், மெல்காசு பக்கத்து அல்வரின்யோ திராட்சையில் செய்தது என்றால் சில வருடம் தாங்கும். அதில் ஆல்கஹாலும் கூடுதல். மற்றது பெரும்பாலும் 9 முதல் 11 சதவீதம்தான்.

பந்தல்காய்:
நான் லீமா ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். இந்த ஒயின் விளைகிற வடமேற்கு போர்ச்சுகலின் மின்யோ பகுதியில் மழை அதிகம், எங்கே பார்த்தாலும் பச்சை. பழைய தோட்டங்களில் திராட்சைக் கொடியைப் புடலங்காய்ப் பந்தல் மாதிரி தலைக்கு மேலே படர விட்டிருக்கிறார்கள், அடியில் முட்டைக்கோஸ். நிலம் சின்னது, எதையும் வீணாக்க முடியாது அல்லவா? அங்கே லோரெய்ரோ என்கிற திராட்சைதான் பிரபலம், பூ வாசனை தூக்கலாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு மட்டிக்குத்தான். ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கி, மட்டியைப் போட்டு, கொஞ்சம் வெள்ளை ஒயின் ஊற்றி மூடுகிறார்கள். ஓடு திறந்ததும் கை நிறையக் கொத்தமல்லி. ஐரோப்பாவில் இவ்வளவு கொத்தமல்லியைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பசி கண்ணிலேயே ஆறிவிட்டது. பக்கல்யாவ் என்கிற உப்பிட்டு உலர்த்திய காட் மீனில் பொரித்த பஜ்ஜியும் நன்றாகவே ஒத்துப்போகும், அதில் உப்பும் எண்ணெயும் இருக்கிறதே.

ஒத்துவராதது ஃப்ரான்செசின்யா. இறைச்சி அடுக்கி, சீஸ் உருக்கி, தக்காளி, பீர் சேர்த்த குழம்பில் மூழ்கடித்த சாண்ட்விச் அது. ஒயின் இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்து மேசையில் எல்லோரும் பீர்தான் குடித்தார்கள், அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

உப்புக்கண்டம்:
மட்டி சாறு மிஞ்சினால் என்ன செய்வார்கள்?

பந்தல்காய்:
ரொட்டியில் தொட்டு வழித்துச் சாப்பிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: உட்கார்ந்ததும் மேசையில் கொண்டுவந்து வைக்கிற ரொட்டி, ஆலிவ் எல்லாம் இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் வந்துவிடும். நான் இரண்டு கூடை தொட்டேன்.