பீடோர் தோட்டத்துப் பையன் ஒரு வருடம் ஓட்டத்தையே வேலையாக வைத்துக்கொள்ள: பணம் திரட்டுவது எப்படி?

செம்மண்பாதை என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். இங்கே மலேசியாவில், பீடோர் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவனுக்காகக் கேட்கிறேன். வயது 21. 5,000 மீட்டர் 15:12, அரை மாரத்தான் 1:10:40, இரண்டும் இந்த வருடம் ஓடியவை. டவுனில் ஹார்ட்வேர் கடையில் வேலை, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அதனால் வாரம் 80 கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. பயிற்சியாளர் 130 வேண்டும் என்கிறார்.

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழு நேரம் பயிற்சி, அதற்கு ஐம்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) திரட்டுவோம் என்று கோயில் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) டின் குலுக்கலாம் என்கிறார் ஒருவர், கூட்டு (சீட்டு) போடலாம் என்கிறார் இன்னொருவர். கடிதத்துக்கு "ஒலிம்பிக் நோக்கி ஒரு தோட்டத்து மைந்தன்" என்று தலைப்பும் போட்டாகிவிட்டது. பெற்றோரோடுதான் இருக்கிறான், வாடகை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது சுற்று:

முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்கு ஆண்கள் மாரத்தான் தகுதி நேரம் 2:08:10. தம்பியின் அரை மாரத்தான் நேரத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு அவன் 2:28, 2:30 ஓடக்கூடியவன். விவரம் தெரிந்த முதலாளி யாராவது படித்தால் அந்த ஒரு வரியிலேயே கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்.

உண்மையான இலக்கே கவர்ச்சியாக இருக்கிறது. 2022-இல் ஹனோய் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மாரத்தான் தங்கம் 2:25:08-க்குப் போனது. நம் நாட்டு 5,000, 10,000 மீட்டர் சாதனைகளை எம். ராமச்சந்திரன் 1990களில் வைத்துவிட்டுப் போனார், பல பத்தாண்டுகள் அவற்றை யாரும் தொடவில்லை. இந்த இரண்டையும் எழுதி, "12 மாதத்தில் 5,000 மீட்டர் 14:50, அரை மாரத்தான் 1:08" என்று கீழே போடுங்கள். அளந்து பார்க்கக்கூடிய இலக்குக்குத்தான் காசு வரும்.

அடுத்தது, வேலையை முழுசாக விட வேண்டியதில்லை. 80-இலிருந்து 130-க்கு ஒரே மாதத்தில் போனால் முழங்கால் கீழ் எலும்பில் விரிசல் விழலாம், அல்லது குதிகால் தசைநார் வீங்கலாம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எட்டு கிலோமீட்டர் கூட்டி, இடையில் ஒரு வாரம் குறைத்து ஓடினால் 130 வர ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை நாள் முழுக்கச் சும்மா இருந்து என்ன செய்யப் போகிறான்? அவனுக்குத் தேவை பகல் தூக்கமும், மாலை ஓட்டத்துக்கு முன் பத்து மணி நேரம் நிற்காத கால்களும். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அரை நாள் வேலை கேளுங்கள். சிமெண்ட் மூட்டை தூக்காமல் கல்லாவிலோ பில் போடும் இடத்திலோ என்றால் நல்லது.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஐம்பதாயிரம் என்பது மொத்தமாகச் சொன்ன தொகை. கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "எதுக்கு?" என்பதுதான். என் தோராயம் இது, உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு காலணி என்று எல்லாரும் நினைப்பார்கள், உண்மையில் சாப்பாடுதான். இந்தத் தூரம் ஓடுபவனுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் முட்டை, பால், மீன், பழம் என்று மாதம் 750 வெள்ளி, வருடத்துக்கு 9,000. காலணிக்குக் கணக்கு எளிது: வாரம் 130 என்றால் வருடம் ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர், ஒரு ஜோடி 650 தாங்கும், ஆக பத்து ஜோடி. ஜோடி 350 வெள்ளி என்று 3,500, போட்டிக்கு கார்பன் தகடு வைத்தது இரண்டு ஜோடி 1,800. தேய்ந்த காலணியோடு இழுத்தால் மிச்சம் பிடித்த காசு பிசியோவுக்குப் போகும். பிசியோ மாதம் இரண்டு தடவை 200, வருடம் 2,400. வாரம் ஒருமுறை ஈப்போ ஸ்டேடியம் தடத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர 1,200. உள்நாட்டுப் போட்டி எட்டு, நுழைவுக் கட்டணமும் தங்கலும் சேர்த்து 2,800. வெளிநாட்டுப் போட்டி ஒன்று 5,000. கேமரன் மலையில் நான்கு வாரம் வீதம் இரண்டு முறை தங்கிப் பயிற்சி செய்ய 2,400. ரத்தப் பரிசோதனை, காப்புறுதி 900. வீட்டுக்குக் கொடுக்கும் பணம் மாதம் 500, அதாவது 6,000. இதைப் பலர் பட்டியலில் போடுவதே இல்லை. நாலாம் மாதம் அம்மா கையில் காசில்லாமல் பையன் வேலைக்குத் திரும்புவது இதனால்தான்.

மொத்தம் 35,000. பத்து சதவீதக் கையிருப்பு சேர்த்தால் 38,500. ஓட்டத் தேய்மானக் காயத்தைச் சாதாரண விபத்துக் காப்புறுதி ஏற்காது, ஆகவே கையிருப்பில் கை வைக்காதீர்கள்.

இனி வரவு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8.17 வெள்ளி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் மாதம் 880 பக்கம். இபிஎப் (ஊழியர் சேமநிதி), பெர்கேசோவும் (சமூகப் பாதுகாப்பு) தொடரும். அவற்றின் பிடித்தம் போக வருடத்துக்கு 9,300 வந்துவிட்டால் திரட்ட வேண்டியது 29,200தான். பரிசுப் பணத்தை வரவில் பூஜ்யமாகவே வையுங்கள், வந்தாலும் பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும்.

29,200-ஐ ஒரே விருந்தில் திரட்டப் பார்க்காதீர்கள். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி போக மிஞ்சுவது குறைவு, அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. மாதம் 30 வெள்ளி கொடுக்க 40 பேரைப் பிடியுங்கள்: வருடம் 14,400. சம்பளம் விழும் நாளில் தானாகப் போகும்படி வங்கியிலேயே நிரந்தரக் கட்டளை போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்குவது மூன்றாம் மாதத்தில் படுத்துவிடும். மூன்று கடைகள் மாதம் 250 வீதம் 9,000. மீதி 5,800-க்குத் திருவிழா நேரத்து உணவு விற்பனையும் தெரிந்தவர்கள் தரும் மொத்தத் தொகையும். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளிகளின் சிறு சந்தாவைச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கியது. நம் மக்களுக்கு இந்த முறை புதிதில்லை.

பதிவு எண்:

டின் குலுக்கும் யோசனையை நிறுத்துங்கள். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். கூட்டு இன்னும் மோசம், கூட்டு நிதி நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒருவர் கட்டாமல் நின்றால் பழி பையன் தலையில் விழும்.

பணம் அவன் சொந்தக் கணக்குக்கும் போகக்கூடாது, கமிட்டித் தலைவர் கணக்குக்கும் போகக்கூடாது. விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இன் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவான ஓட்டக் கழகம் ஒன்றில் அவனைச் சேருங்கள். கழகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. புதுக் கழகம் பதிய நேரமெடுக்கும், இருக்கிற கழகம் போதும்.

வரி பற்றி முதலாளிகள் கேட்பார்கள். தனி ஆளுக்குக் கொடுத்த நன்கொடைக்கு விலக்கு கிடையாது. வருமான வரிச் சட்டம் 44(11பி) விலக்கு, அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்புக்கோ நடவடிக்கைக்கோ கொடுத்தால்தான். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. கழகத்திடம் கடிதத்தைப் பார்க்காமல் "வரி விலக்கு உண்டு" என்று எழுதிவிடாதீர்கள். சிறு கடைக்காரருக்கு இதைவிட எளிது, பனியனில் கடைப் பெயர் போட்டு கழகத்தின் ரசீது கொடுப்பது. விளம்பரச் செலவாகக் காட்டலாமா என்று அவருடைய கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

செம்மண்பாதை:

அண்ணன்மாருக்கு நன்றி. இன்னும் இரண்டு. உள்ளூர் மூலிகை டானிக் வியாபாரி ஒருவர் மாதம் 600 தருகிறேன், தம்பி அதைக் குடித்து விளம்பரத்தில் நிற்க வேண்டும் என்கிறார். வெளிநாட்டுப் போட்டியும் கேமரனும் அவசியமா, வெட்டிவிடலாமா?

நாலாவது சுற்று:

டானிக் வேண்டாம், 600 அல்ல 6,000 தந்தாலும். ஊக்கமருந்து விதியில் உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு ஓடுபவனுடையது, "தெரியாமல் குடித்தேன்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், முடிவை மாற்றாது. மூலிகைக் கலவைகளில் ஹிஜெனமின் இருக்கலாம், சீன மருந்துக்கடைச் சளி மருந்துகளில் வரும் மா ஹுவாங்கில் எபெட்ரின் உண்டு, இரண்டும் தடைப் பட்டியலில் உள்ளவை. புட்டியில் எழுதாததும் உள்ளே கலந்திருக்கும். நான்கு ஆண்டு வரை தடை வந்தால் 21 வயதுப் பையனுக்கு 25 ஆகிவிடும். சந்தேகமான எதையும் வாயில் வைக்குமுன் அடாமாஸிடம் (மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) கேளுங்கள். அந்த வியாபாரிக்கு மனமிருந்தால் குடிக்கச் சொல்லாமல் கடைப் பெயரை மட்டும் போடட்டும்.

எல்லாக் கடைகளோடும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மாதம், எந்த உடையில் பெயர், காயப்பட்டால் என்ன. மாநில, தேசிய உடை அணியும்போது தனி விளம்பரம் கிடையாது என்ற வரி கட்டாயம். கடைகள் நடத்தும் சின்ன ஓட்டத்தில் எல்லாம் ஓட வேண்டும் என்ற வரியை ஏற்காதீர்கள். ஞாயிறுதோறும் 7, 10, 12 கிலோமீட்டர் பரிசுக்கு ஓடித் தேய்ந்துபோன நல்ல கால்கள் நம் நாட்டில் ஏராளம். பந்தயத்துக்கு முன் இரண்டு நாள் குறைத்து, பின் இரண்டு நாள் களைத்து, வாரம் பாதி போய்விடும்.

வெளிநாட்டுப் போட்டியை வெட்டாதீர்கள். நம் ஊரில் விடிகாலையிலும் 24, 25 டிகிரி, காற்றில் ஈரம், வியர்வை காயாது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்த நேரம் அவன் திறமையைக் காட்டாது. ஜூலைத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் கோல்ட் கோஸ்ட் மாரத்தானில் குளிர், தட்டையான பாதை, அரை மாரத்தானும் உண்டு. வேறு எது தேர்ந்தாலும் பாதை அளந்து சான்று பெற்றதா என்று பாருங்கள்: இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தாலோ, தொடக்கமும் முடிவும் தூரத்தின் பாதிக்கு மேல் விலகியிருந்தாலோ சாதனைக்கு ஏற்கமாட்டார்கள். நான்கைந்து மாதம் முன்பே முன்னணி ஓட்டக்காரர் பிரிவுக்குச் சான்றோடு எழுதினால் நுழைவுக் கட்டணம் மிச்சமாகலாம்.

கேமரனை வேண்டுமானால் ஒருமுறையாகக் குறைக்கலாம். அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,440 மீட்டர் உயரம்தான், ரத்தச் சிவப்பணு கூட்டப் பொதுவாக 1,800-க்கு மேல் வேண்டும். அங்கே போவது குளிருக்காக: நீண்ட ஓட்டத்தை முழு வேகத்தில் முடிக்கலாம், இரவில் நன்றாகத் தூங்கலாம். தாப்பாவிலிருந்து பஸ் இருக்கிறது. கோல்ட் கோஸ்டுக்கு முந்தைய மே மாதத்தில் நான்கு வாரம் போட்டால் 1,200 மிச்சம், அதை ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) பரிசோதனைக்கும் கையிருப்புக்கும் தள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஒன்று விட்டுப்போச்சு. இபிஎப் பிளெக்சிபல் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 21 வயதில் அதில் இருப்பதே கொஞ்சம், தொடாதீர்கள்.

40 பேருக்கும் மாதம் ஒரு வாட்சாப் செய்தி போதும்: ஓடிய தூரம், நேரம், வரவு, செலவு, மீதி. காயம் வந்த மாதமும் அனுப்புங்கள், அந்த மாதம் மௌனமாக இருந்தால்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். ஆறு மாத நிதி கணக்கில் விழுந்த பிறகு ஹார்ட்வேர் முதலாளியிடம் அரை நாள் வேலையைப் பேசுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.