'இரட்டைக் கொதிப்பு' வேண்டாம், 'சாடி அவியல்' என்போம்: சீனச் சமையல் முறைகளுக்கான கலைச்சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

சமையற்கலைச் சொற்பட்டியலில், மூடிய பீங்கான் சாடியைக் கொதிநீருக்குள் இறக்கிச் சூப் தயாரிக்கும் சீன முறைக்கு 'இரட்டைக் கொதிப்பு' என்ற சொல்லை ஐயா அவர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குள்ள மதிப்புக் குறையாமலே, அச்சொல்லை மறுக்க விரும்புகிறேன். சாடிக்குள் இருக்கும் நீர் தளதளவென்று கொதிப்பதே இல்லை. கொதிக்கவிடாமல் வேகவைப்பதற்காகவே அம்முறையைக் கையாளுகிறார்கள். ஒரு முறை கூடக் கொதிக்காததை இரு முறை கொதிப்பதாகச் சொல்லும் பெயர், படித்துவிட்டு அடுப்பின் முன் நிற்பவரை வழிதவறச் செய்யும்.

குவாங்டொங் மாகாணத்து வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கோழித்துண்டு, இஞ்சி, உலர்ந்த சீன இலந்தை ஆகியவற்றைச் சாடியில் இட்டு, அவை மூழ்கும் அளவு நீர் விட்டு மூடுகிறார்கள். மூடிக்கு அடியில் ஒரு தாளைக் கட்டி ஆவி தப்பாமல் அடைப்பதும் உண்டு. பிறகு சாடியின் பாதி உயரத்துக்கு நீர் நிற்கும் பெரிய பாத்திரத்தில் அதை வைத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை விட்டுவிடுகிறார்கள். வெளிநீர் கொதிக்கிறது, உள்நீரோ கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்பதால், கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிக் கலங்காமல் மேலே மிதக்க, சூப் தேநீரைப் போலத் தெளிந்து வருகிறது. நேரடித் தீயில் எலும்பையும் தாமரைக்கிழங்கையும் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடும் 'லோ ஃபோ தோங்' இதிலிருந்து வேறுபட்டது. அதில் நீர் சுண்டும், நிறம் கலங்கும், சுவை கனக்கும். நீர்ப்பூசணியையோ டோஃபுவையோ கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கும் அன்றாடச் சூப் மூன்றாவது வகை. ஒரே அடுக்களை இந்த மூன்றையும் தனித்தனிப் பெயர்களால் பிரித்தறிகிறது என்பதால், நாமும் பிரித்தே தீர வேண்டும்.

சீன மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குவாங்டொங்கில் சாடி முறையைக் குறிக்கும் 'துன்' என்ற சொல்லை, வடக்கே நேரடித் தீயில் மெதுவாக வேகவைப்பதற்குச் சொல்கிறார்கள். சாடி முறையைத் தெளிவாகக் குறிக்க வேண்டுமானால், நீர் இடையே நிற்கிறது என்ற பொருளில் 'கெ ஷுய் துன்' என்கிறார்கள். ஆகவே எந்தச் சொல்லையும் ஒலிபெயர்த்து வைப்பதைவிட, நீர் எங்கே இருக்கிறது, ஆவி எங்கே போகிறது என்பதைக் காட்டும் பெயரே நமக்குப் பயன்படும்.

அதற்கு முன்னோடி சித்த மருத்துவத்தில் கிடைக்கிறது. பாலும் நீரும் கொதிக்கும் பானையின் வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் சூரணத்தை (மருந்துப் பொடியை) வைத்து ஆவியால் தூய்மை செய்வதைப் 'பிட்டவியல்' என்கிறார்கள். அந்த வார்ப்பில் 'சாடி அவியல்' என்று முன்மொழிகிறேன். தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியல் கறி நினைவுக்கு வரும் என்ற தடை எழலாம். முன்னே நிற்கும் 'சாடி' அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சேர்த்து எழுதினால் 'இயல்' என்று முடியும் துறைப்பெயர் போலத் தோன்றுவதால், இடம் விட்டு எழுதுவது நல்லது.

அடுத்து, உணவை ஆவியில் வேகவைக்கும் 'ஜெங்' எனப்படும் பொதுவான முறை. 'ஆவித்தல்' என்ற பரிந்துரை சுருக்கமாக இருந்தாலும், அகராதிகளில் அதற்குக் கொட்டாவி விடுதல் என்ற பொருள் இருக்கிறது. வெறும் 'அவித்தல்' போதாது. ஈழத்தில் நீரில் முட்டை வேகவைப்பதும் அவித்தல்தான். எனவே 'ஆவியில் அவித்தல்' என்றே தலைச்சொல்லை வைக்கலாம். நீளமாக இருக்கிறது என்பது பெரிய குறையன்று. இதன் விளக்கத்தில், முழுக் கத்தரிக்காயை ஆவியில் அவித்துக் கையால் நாராகக் கிழித்துப் பூண்டும் சோயா சாஸும் எள்ளெண்ணெயும் சேர்ப்பதை எடுத்துக்காட்டாகத் தரலாம். பீர்க்கங்காய் வளையங்களின்மேல் பூண்டு பரப்பி அவிப்பதும் பொருந்தும். ஒரு நுட்பமும் அங்கே இடம்பெற வேண்டும். முட்டையை ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு வெதுவெதுப்பான நீரில் அடித்து அவிக்கும்போது, உலோக மூடியில் குளிர்ந்த ஆவிநீர் சொட்டி அதன் மேற்பரப்பைக் குழிகுழியாக்கிவிடும். அதனால் கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்க்கிறார்கள். மூங்கில் மூடியிலோ ஆவி பின்னல் வழியே வெளியேறுவதால் சொட்டுவது குறைவு.

ஹூபெய் பக்கம் காய்களையும் இறைச்சியையும் கரகரப்பாக அரைத்த அரிசியில் புரட்டி ஆவியில் வைக்கிறார்கள். ஷான்சி, ஹெனான் பக்கம் கீரைகளுக்குக் கோதுமை மாவு. இரண்டுக்கும் 'மாவு பிசிறி அவித்தல்' என்பது போதும். புட்டுக்கு மாவு பிசிறும் எவருக்கும் 'பிசிறுதல்' என்ற சொல்லின் பக்குவம் தெரியும்.

யுன்னானின் ஜியன்ஷுய் ஊர் மண்பாத்திரத்தைப் பட்டியலில் தனியே வைக்க வேண்டும். அதன் நடுவில் ஒரு குழல் எழும்பி நிற்கிறது. அடிப்பானையின் ஆவி குழல் வழியே ஏறி, மூடியில் பட்டுக் குளிர்ந்து, கோழியின்மேல் சொட்டிச் சொட்டிச் சூப்பாகச் சேர்கிறது. சாடி அவியலில் ஆவி வெளியே நிற்கிறது, இங்கே ஆவியே சூப்பாகிறது; ஆகவே இதனை 'ஆவிக்குழல் சட்டி' என்று குறிக்கலாம்.

தீயின் அளவைக் குறிக்கச் சிறுதீ, பெருந்தீ என்ற வழக்குச் சொற்களே போதும். சித்த மருத்துவத்தில் தீயின் அளவுகளைக் குறிக்கும் தீபாக்கினி, காடாக்கினி ஆகியவற்றை மருந்து முறைக்கே விட்டுவிடலாம்.

பட்டியலுக்கான வரையறையை இவ்வாறு தருகிறேன்: 'சாடி அவியல்: மூடிய சாடியில் உணவுப்பொருளையும் நீரையும் இட்டு, வெளிப்பாத்திரத்து நீரின் கொதிப்பாலும் ஆவியாலும், உள்நீர் தளதளவென்று கொதிக்காமல் நெடுநேரம் வேகவைத்தல்.' இதில் 'நெடுநேரம்' என்பதற்குப் பதிலாக மணிக்கணக்கைக் குறிக்க வேண்டுமா என்பதை மட்டும் குழுவினர் தெரிவித்தால், பதிவை முடித்துவிடலாம்.

அன்புடன்.