பவுடர் டாயில் கூட்டல் சுற்று கட்டியவர்கள் உண்டா?

கல்முனையிலிருந்து எழுதுகிறேன். தி பவுடர் டாய் என்ற கணினி விளையாட்டில் எல்லாரும் மணலையும் அமிலத்தையும் கொட்டி எதையாவது வெடிக்க வைப்பார்கள். எனக்குப் பிடித்தது அதன் மின்சாரம். உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவர்களுக்குத் தர்க்கப் படலைகள் (0, 1 உள்ளீடுகளிலிருந்து 0 அல்லது 1 தரும் சிறு சுற்றுகள்) மனப்பாடம். அவை கண்முன்னே வேலை செய்வதை நான் முதலில் பார்த்தது களுவாஞ்சிகுடியில், மாமா வீட்டில்.

மச்சான் பழைய லேப்டாப்பில் அரைக்கூட்டி ஒன்று, அதாவது இரண்டு ஒற்றை இலக்க இரும எண்களைக் கூட்டும் சுற்று, வரைந்து வைத்திருந்தான். விளையாட்டின் மொத்தத் திரையே அகலம் 612 புள்ளி, உயரம் 384 புள்ளிதான். இரண்டு பக்கமும் 1 கொடுத்தால் கூட்டல் 0, அடுத்த இடத்துக்குப் போவது 1. ஆனால் அந்த 1 சில வேளை வரும், சில வேளை வராது. எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்று காட்டும் உண்மை அட்டவணையோடு ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தோம், எல்லாம் சரி.

அப்போது அவன் கேட்டான்: "மச்சான், இந்த அட்டவணையில நேரம் எங்க இருக்கு?"

விஷயம் அதுதான். இந்த விளையாட்டில் மின்சாரம் நிலையாக நிற்பதில்லை, பொறியாக ஓடுகிறது. ஒரு புள்ளியில் பொறி 4 பிரேம் (விளையாட்டின் நேர அடி) இருக்கும். பிறகு அந்தப் புள்ளி சற்று ஓய்ந்த பின்தான் அடுத்த பொறியை ஏற்கும். அடுத்த இடத்துக்குப் போகும் 1ஐத் தருவது 'அன்ட்' படலை, இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் அது 1 தரும். அவனுடைய 'அன்ட்' படலை ஒரு சுவிட்ச். விளையாட்டில் உள்ள பி வகைச் சிலிக்கன் அதைத் திறக்கும், அதாவது பொறியைப் போக விடும்; என் வகைச் சிலிக்கன் மூடும், அதாவது தடுக்கும். முதல் உள்ளீடு சுவிட்சைத் திறக்க வேண்டும், இரண்டாவது அதன் வழியே போக வேண்டும். இரண்டாவது முந்திக்கொண்டால் மூடிய சுவிட்சில் முட்டி அங்கேயே அணைந்துவிடும்.

இரண்டாவது கம்பியில் டிலே என்ற பொருளை வைத்தோம். அதன் வெப்பநிலைதான் தாமதம். 10 பாகை என்றால் 10 பிரேம். அதன் பின் அந்த 1 ஒருமுறைகூடத் தவறவில்லை. வகுப்பில் எந்த ஆசிரியரும் சொல்லாத பாடம் இது. உண்மையான சிப்களிலும் ஒவ்வொரு படலைக்கும் ஒரு தாமதம் உண்டு, அதைக் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைக்கிறார்கள். பாடத்தோடு சேர்த்து இதைக் காட்டினால் பிள்ளைகள் எவ்வளவு விரும்பிப் படிப்பார்கள்!

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அக்கரைப்பற்றிலிருந்து: தம்பி, அருமை. நான் எட்டு பிட் கூட்டி கட்டினேன். கம்பிகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில், கம்பியில்லாமல் பொறியை அதே சேனலில் உள்ள இன்னொன்றுக்கு அனுப்பும் வைஃபை என்ற பொருளை வைத்தேன், அதுவும் வெப்பநிலையை வைத்துத்தான் சேனலைத் தீர்மானிக்கும். சாதாரண உலோகக் கம்பியில் பொறி ஓட ஓடச் சூடு ஏறும், 400 பாகைவரை போகும். பக்கத்தில் இருக்கும் வைஃபையும் சூடாகிச் சேனல் மாறிவிடும். இன்சுலேட்டட் வயர் அப்படிச் சூடாவதில்லை. உங்கள் மச்சான் முழுக்கூட்டிக்கு (முந்தைய இடத்திலிருந்து வரும் 1ஐயும் சேர்த்துக் கூட்டும் சுற்று) போகும்போது வைஃபை ஓரத்தில் அதையே போடச் சொல்லுங்கள். இன்னொன்று, பொறி இரண்டு புள்ளி தூரம் தாவும். பக்கத்துக் கம்பிக்கு அதற்கு மேல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இன்சுலேட்டர் வையுங்கள்.