புதுப்பிப்பு: பழைய போன் வாங்கும்போது பணத்துக்குப் பாதுகாப்பு

ஆன்லைனில் பழைய போன் விற்பவர் தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் விலகிவிடுங்கள் என்று முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். "ஆன்லைனில் பணம் அனுப்பும் சேவையான பேபாலில் அனுப்பினால் போதாதா?" என்று கேட்டவர்களுக்காக இது.

எந்த வகையில் அனுப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம். 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு, அதாவது பொருள் வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி, கிடையாது. கட்டணம் மிச்சம் என்று விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சம்மதிக்காதீர்கள். 'பொருள், சேவை' வகையில் அனுப்பினால், பணம் கட்டியதிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் தொடங்கலாம். பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில்: புகார் தொடங்கிய 20 நாட்களுக்குள் அதை உரிமைக்கோரலாக (பேபாலே விசாரித்து முடிவு சொல்லும் கோரிக்கை) மாற்றாவிட்டால் அது தானாக மூடப்படும், மறுபடி திறக்க வழியில்லை. "அடுத்த வாரம் திருப்பித் தருகிறேன்" என்ற விற்பவரின் பதிலை நம்பிக் காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.

புகாருக்கு ஆதாரமாக, பார்சலை, முகவரிச் சீட்டு தெரிய, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) விற்பவர் முன்பே அனுப்பியதோடு ஒப்பிடுங்கள். ஐபோன் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால், அவர் தன் கணக்கிலிருந்து அந்த போனை நீக்கும்வரை அது உங்களுக்குப் பயன்படாது. சிம், கேமரா, மைக், சார்ஜிங் எல்லாம் பார்த்த பிறகே, வாங்கிய தளத்தில் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானைத் தொடுங்கள். பல தளங்களில் அந்த நொடியே பணம் விற்பவருக்கு விடுவிக்கப்படும்.

திருப்பி அனுப்பும்போது, தளம் காட்டும் முகவரிக்கு மட்டும், கண்காணிப்பு எண்ணோடு அனுப்புங்கள்.