எழுத்து வராத காலத்தில் எழுதத்தான் வேண்டுமா?

தீவகன்:
முதற்சிறுகதை சஞ்சிகையில் வந்த பின்னர் மாதக்கணக்காக ஒரு பந்திகூட நகரவில்லை என்று நல்லூரிலிருந்து ஒரு தங்கை இங்கே எழுதியிருந்தார். வந்தாலும் வராவிட்டாலும் நாளாந்தம் மேசையில் அமர வேண்டும் என்பதே என் மறுமொழி. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப், தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்த காலத்திலேயே விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி வந்தார். அவர் விட்டுச்சென்ற நாவல்கள் 47.

கந்தர்மடத்தான்:
அண்ணா, டிரோலப்பிடம் கதை இருந்தது, நேரம்தான் இல்லை. தங்கையின் நிலை அதற்கு நேர்மாறு. எதைத் தொடங்கினாலும் அது முதற்கதையாகவே மாறிவிடுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரைச் சொற்கணக்கால் நெருக்கினால் அதே முற்றத்தையும் அதே அம்மம்மாவையும்தான் மறுபடியும் எழுதுவார். கொஞ்சக் காலம் பேனையை மூடிவைத்துவிட்டு வாசிக்கட்டும். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் ‘நூலகம்’ இணையத்தளத்தில் கிடைக்கின்றன.

வடமராட்சி வாசகி:
இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. எதையும் எழுதலாம் என்றிருப்பதுதான் பலருக்குக் கையைக் கட்டிப்போடுகிறது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடியபோது, உதடு பொருந்தும் எழுத்துகளையும் உதடு குவியும் எழுத்துகளையும் தமக்குத் தாமே விலக்கிக்கொண்டார். பழகிய சொற்களில் பாதி அடைபட்டால் மனம் வேறு சொல்லைத் தேடியே ஆக வேண்டும்.

உரைநடைக்கும் ஒரு விதி சொல்கிறேன். நாளிதழில் ஒரு மரண அறிவித்தலை எடுங்கள். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊரை வதிவிடமாகவும், கடல் கடந்த ஒரு நகரத்தைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்டவர் என்று ஒரே வசனத்தில் ஒரு முழு இடப்பெயர்வும் அடங்கியிருக்கும். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னால் மருமக்களின் பெயர்கள் வரும். சில வேளை ஒரு பெயர் குறையும். தொடர்பு இலக்கங்களுக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், இலங்கை என்றிருக்கும். இனி விதி: அந்த அறிவித்தலை வைத்து எழுதும் கதையில் சாவு வரக்கூடாது, அழுகை வரக்கூடாது, முதல் ஊரிலிருந்து இரண்டாவது ஊருக்கு வந்த அந்த ஒரு நாள் மட்டுமே வரவேண்டும்.

கந்தர்மடத்தான்:
குறைந்த அந்த ஒரு பெயரைத் தோண்டுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது, அக்கா? நம்முடைய ஊர்களில் பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் சேர்த்துச் சொன்னாலே இன்னாருடைய வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு முன்னரே கதை வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

வடமராட்சி வாசகி:
நியாயமான கேள்விதான். அப்படியானால் ஆள்களை விட்டுவிட்டு, இரு வேறு அறிவித்தல்களிலிருந்து ஒவ்வோர் ஊரை மட்டும் எடுத்துச் சேர்க்கட்டும். அங்கிருந்து இங்கே ஒருவர் ஏன் வந்தார் என்பதைத் தங்கை சொந்தமாகக் கற்பிக்கட்டும். ஆனால் ஒன்று, நீங்கள் சொன்ன பழைய இதழ்களில் வந்த கதைகளும் யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்துதான் வந்தவை.

தீவகன்:
ஊர்ப்பெயர் இரண்டு போதும் என்றால் அதை இன்றிரவே செய்யலாம். விதியை வைத்துக்கொண்டு எத்தனை மணிக்கு மேசையில் அமர்வது என்பதைத்தான் நீங்கள் இருவரும் இன்னும் சொல்லவில்லை.